பாட்டத்துக்கு எடுத்த மூன்று சென்ட்: களமசேரியும் குத்தகை நிலத்தின் வரலாறும்

முன்னுரை

கேரளத்தில் வாழும் தமிழர்களைப் பற்றி மலர்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் கோயில், மொழி, வாணிபம், ஆலைவேலை ஆகியவற்றைப் பேசுகின்றன. நிலத்தைப் பற்றி நாம் அதிகம் எழுதுவதில்லை. காரணம் எளிது. நம்மில் பலருக்கு இங்கே நிலம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. நாலு சென்டில் ஒரு வீடு, இல்லாவிட்டால் மூன்றாம் மாடியில் ஒரு பிளாட், அதுவும் இல்லையென்றால் வாடகை வீடு. ஆனால் சொந்தமில்லாத நிலத்தோடும் மனிதனுக்கு உறவு உண்டு. அதை நாம் குத்தகை என்கிறோம். மலையாளிகள் பாட்டம் என்கிறார்கள்.

களமசேரிப் பகுதியில் நம் சங்கத்துக் குடும்பங்கள் எட்டு ஒன்றுசேர்ந்து, 2021-இல் 24 சென்ட் தரிசு நிலத்தைப் பாட்டத்துக்கு எடுத்தோம். ஆளுக்கு மூன்று சென்டாகப் பிரித்துக் காய்கறி போட்டோம். அந்தத் தோட்டத்துக்காக அலைந்த நாட்களில் ஒரு கேள்வி என்னைத் தொடர்ந்து வந்தது. மூன்று சென்ட் நிலத்தை ஒரு வருஷத்துக்கு வாடகைக்குக் கொடுக்க ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள்? வீட்டை வாடகைக்குக் கேட்டால் ஒப்பந்தப் பத்திரத்தை முதலில் நீட்டுகிறவர்கள், நிலத்தை வாடகைக்குக் கேட்டால் மட்டும் "பேப்பர் ஒண்ணும் வேண்டா" என்று கையை ஆட்டுவது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோது ஆயிரம் ஆண்டு வரலாறு பின்னால் நிற்பது தெரிந்தது. அதைச் சுருக்கமாகச் சொல்வதும், அதிலிருந்து நாம் செய்யவேண்டியது என்ன என்று யோசிப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

ஊராளரும் காராளரும்

களமசேரிக்குப் பக்கத்திலேயே திருக்காக்கரை இருக்கிறது. நம்மாழ்வார் பாடிய திருக்காட்கரை இதுதான். ஓணப் பண்டிகையோடு சேர்த்துப் பேசப்படும் வாமனர் கோயில். இந்தக் கோயிலில் சேரப் பெருமாள்கள் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. விளக்கெரிக்கவும் ஊட்டு நடத்தவும் நிலம் விட்ட செய்திகளை அவை சொல்கின்றன. இந்த வட்டாரத்துக்கு அன்று காட்கரை நாடு என்று பெயர்.

அந்தக் காலத்துக் கோயில் நிலங்களில் இரண்டு தரப்பினர் இருந்தனர். கோயிலை நிர்வகித்தவர்கள் ஊராளர். நிலத்தை எடுத்துப் பயிர் செய்தவர்கள் காராளர். அவர்களுடைய பயிர்செய்யும் உரிமைக்குக் காராண்மை என்று பெயர். எவ்வளவு நல்ல தமிழ்ச் சொற்கள் பாருங்கள்! நிலத்தின் மேலாட்சி ஒருவரிடமும் பயிர் உரிமை இன்னொருவரிடமும் இருக்கலாம் என்பதை அன்றே பிரித்துச் சொல்லிவிட்டார்கள்.

இதே எறணாகுளம் மாவட்டத்தின் வடபகுதியில், சாலக்குடி ஆற்றங்கரையில் திருமூழிக்களம் இருக்கிறது. இதுவும் ஆழ்வார்கள் பாடிய திருப்பதி. இங்கே கூடி எடுத்த ஒரு தீர்மானம் 'மூழிக்களக் கச்சம்' என்று பெயர்பெற்றது. கச்சம் என்றால் கட்டுப்பாடு, விதி. கோயில் சொத்தை ஊராளர் கையாடக் கூடாது, காராளரைத் துன்புறுத்தக் கூடாது என்பவை அதன் சாரம். வேறு பல கோயில்களின் கல்வெட்டுகளிலும் "மூழிக்களக் கச்சத்தின்படி தண்டனை" என்ற பொருளில் இது எடுத்துக்காட்டப்படுகிறது. ஒரு விதியை ஊர் ஊராகக் கல்லில் வெட்டி வைக்கிறார்கள் என்றால், அதை மீறுகிறவர்கள் ஊர் ஊராக இருந்தார்கள் என்றுதானே பொருள்? பயிர் வைத்தவனுக்கும் நில நிர்வாகிக்கும் இடையிலான சிக்கல் அவ்வளவு பழையது.

காணம், வெறும்பாட்டம், குழிக்காணம்

பெருமாள்கள் ஆட்சி மறைந்த பிறகு நிலத்தின் மேலுரிமை ஜன்மிகள் என்று அழைக்கப்பட்ட உடைமையாளர்களிடம் குவிந்தது. அவர்களுக்குக் கீழே பலவகைக் குத்தகைகள் வளர்ந்தன. அவற்றுள் மூன்றை மட்டும் காண்போம்.

முதலாவது காணம். சங்க காலத்தில் பொற்காசைக் குறித்த அதே சொல். ஜன்மிக்கு முன்பணமாக ஒரு தொகை கொடுத்து நிலத்தை எடுப்பது காணப்பாட்டம். பன்னிரண்டு வருஷம் இதன் தவணை. தவணை முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பொளிச்செழுத்து என்று பெயர். அதற்கும் பணம் கட்ட வேண்டும். கட்ட முடியாவிட்டால், அதிகம் தரும் வேறொருவருக்கு அதே நிலத்தை எழுதிக் கொடுத்துவிடலாம். இதற்கு மேல்சார்த்து என்று பெயர். பழைய குடியானவன் வெளியே போக வேண்டியதுதான்.

இரண்டாவது வெறும்பாட்டம். பெயரே சொல்கிறது. முன்பணம் ஒன்றும் இல்லை. ஆண்டுதோறும் பாட்டம் மட்டும். கையில் காசில்லாத ஏழைக் குடியானவனுக்குக் கிடைத்தது இதுதான். ஆகவே பாதுகாப்பும் வெறும்தான்.

மூன்றாவது குழிக்காணம். வெற்று நிலத்தை எடுத்து, குழி வெட்டித் தென்னையோ பலாவோ நட்டு வளர்ப்பவனுக்கான குத்தகை. இதில் ஒரு நியாயம் பொதிந்திருந்தது. நிலத்தைத் திரும்பக் கேட்டால், வைத்த மரங்களுக்கும் செய்த வேலைக்கும் விலை கொடுக்க வேண்டும். நிலம் உன்னுடையது, உழைப்பு என்னுடையது என்ற கொள்கை இது. மலபாரில் பிரிட்டிஷ் அரசு 1887-இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. கேரளம் உருவான பிறகு 1958-இல் குடியானவர்களின் மேம்பாட்டு வேலைகளுக்கு இழப்பீடு தரும் சட்டம் மாநிலம் முழுமைக்கும் வந்தது.

நான் செங்கோட்டைக்காரன். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலுமாக இருந்தது. அதனால் எங்க வீட்டுப் பெரியவங்க குத்தகைன்னு சொல்றதைவிடப் பாட்டம்னு சொல்றதுதான் அதிகம். கன்னியாகுமரி மாவட்டத்திலும் இந்தச் சொல் வழக்கில் உண்டு. கேரளத்துக்கு வந்து நான் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிராத சில சொற்களில் இதுவும் ஒன்று.

சமஸ்தானங்கள் செய்தது

திருவிதாங்கூரில் 1865-இல் 'பண்டாரப்பாட்ட விளம்பரம்' வெளியானது. ஆயில்யம் திருநாள் மகாராஜா ஆண்ட காலம். திவான், கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ். அரசாங்க நிலத்தைப் பாட்டத்துக்கு வைத்திருந்த குடியானவர்களுக்கு அந்த நிலத்தின்மேல் பரம்பரை உரிமையும், விற்கவும் அடகு வைக்கவும் உரிமையும் இதனால் கிடைத்தன. அரசு வரியை ஒழுங்காகக் கட்டினால் போதும், யாரும் எழுப்ப முடியாது. திருவிதாங்கூரில் சொந்த நிலமுள்ள சிறு விவசாயிகள் பெருகியதற்கு இது பெரிய காரணம்.

கொச்சி சமஸ்தானம் மெதுவாகத்தான் நடந்தது. 1914-இல் வந்த குடியான்மைச் சட்டம் காணக்காரர்களுக்கு நிலையுரிமை தந்தது. வெறும்பாட்டக்காரர் காத்திருந்தார். அவருக்கான வெறும்பாட்டதாரர் சட்டம் வந்தது 1943-இல். மட்டாஞ்சேரியும் எறணாகுளமும் கொச்சி ராஜ்யம். களமசேரியை அடுத்த ஏலூரோ திருவிதாங்கூர். சில மைல் தூரத்துக்குள் ஒரே பாட்டத்துக்கு இரண்டு சட்டம், இரண்டு கதி. எல்லைப்புறத்தில் வாழ்கிறவர்களுக்கு இது புதிதல்ல. செங்கோட்டைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1957 முதல் 1970 வரை

1957 ஏப்ரல் 5-ஆம் நாள் ஈ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு தலைமையிலான அமைச்சரவை பதவியேற்றது. ஆறே நாளில், ஏப்ரல் 11 அன்று, குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டம் பிறந்தது. பிறகு மசோதா, வழக்கு, புதிய சட்டம் என்று பல படிகளைக் கடந்து, 1963-ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம் 1969-இல் திருத்தப்பட்டு, 1970 ஜனவரி 1 முதல் முழு வேகத்தில் நடைமுறைக்கு வந்தது. சி. அச்சுதமேனன் அப்போது முதலமைச்சர்.

அந்த நாளோடு ஜன்மி முறை முடிந்தது. பாட்டக்காரர் உடைமையாளர் ஆனார். பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த 'குடிகிடப்புக்காரர்' குடிசையைச் சுற்றியுள்ள இடத்தை விலைக்கு வாங்கும் உரிமை பெற்றார். பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகரிலும் பெரிய நகராட்சியிலும் 3 சென்ட் என்று அளவு வைத்தார்கள். லட்சக்கணக்கான ஏழைகளுக்குத் தலைநிமிர்ந்து வாழ ஓர் இடம் கிடைத்தது. இந்தச் சட்டத்தின் பெருமையை நாம் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் இரண்டு விஷயங்களை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டி வந்திருக்கிறார்கள். ஒன்று, நிலம் கிடைத்தது பாட்டக்காரருக்கு. வயலில் இறங்கி வேலை செய்த கூலிக்காரருக்கு, அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர், குடிசை இடம் மட்டுமே கிடைத்தது. இரண்டு, இச்சட்டத்தின் 74-ஆம் பிரிவு இனிமேல் புதிய குத்தகை எதையும் ஏற்படுத்தக் கூடாது என்று தடுத்தது. பழைய ஜன்மி பின்வாசல் வழியாகத் திரும்பி வரக்கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது.

இந்தப் பூட்டின் விளைவுதான் நம்மைத் தொடுகிறது. சட்டம் 1970-இல் நிலத்தில் நின்றவர்களுக்குத் தந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் விலை கொடுத்து வாங்கலாம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. பாட்டத்துக்கு எடுத்துப் படிப்படியாக நிலைபெறும் பழைய வழி அடைபட்டுவிட்டது. பிழைப்புத் தேடித் தாமதமாக வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் இந்தப் பட்டியலில் அடங்கும்.

ஆலைகளின் களமசேரி

இன்று களமசேரி என்றால் நினைவுக்கு வருவது ஆலைகள். 1942-இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. வெளி அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் பஞ்சத்தில் தவித்தது. மரவள்ளிக்கிழங்கு உயிர் காத்தது. விளைச்சலைப் பெருக்க உரம் வேண்டும் என்ற எண்ணத்தில், 1943-இல் 'ஃபாக்ட்' உரத் தொழிற்சாலைக்கான கம்பெனி உருவானது. சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலம். கட்டி நடத்தியவர்கள் திருச்சியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்கள். 1947-இல் அம்மோனியம் சல்பேட் உற்பத்தி தொடங்கியபோது, விறகை எரித்து எடுத்த வாயுவிலிருந்துதான் அம்மோனியா செய்தார்கள் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. வெறும்பாட்டதாரர் சட்டமும் உர ஆலையும் ஒரே ஆண்டில், 1943-இல், பிறந்திருக்கின்றன. சோறு என்ற ஒரே கேள்விக்கு இரண்டு சமஸ்தானங்கள் இரண்டு பக்கத்திலிருந்து விடை தேடியிருக்கின்றன.

பின்னர் அறுபதுகளில் களமசேரியில் எச்.எம்.டி. வந்தது, 1971-இல் கொச்சிப் பல்கலைக்கழகம் வந்தது. ஆலைகளோடு ஊழியர்களும் வந்தார்கள். ஊழியர் குடியிருப்புகளின் பின்புறத்தில் வெண்டையும் பயறும் வந்தன. பாக்டம்பாஸ் மூட்டைகளைத் தென்னிந்தியா முழுக்க அனுப்பியவர்களில் சிலர், வீட்டுப் பின்னால் ஒரு பிடி உரம் போட்டுப் புடலை வளர்த்ததை நான் பார்த்திருக்கிறேன். ஓய்வுபெற்றதும் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். அந்தத் தோட்டமும் போய்விடும்.

ஆலைகள் விட்டுச்சென்ற இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஏலூர்ப் பகுதியில் பெரியாற்றோடு சேரும் குழிகண்டம் தோட்டின் நீரிலும் மண்ணிலும் டி.டி.டி. போன்ற நச்சுகள் கலந்திருப்பதை 1999-இல் கிரீன்பீஸ் அமைப்பு ஆய்வு செய்து வெளியிட்டது. ஆகவே இந்தப் பக்கத்தில் நிலம் எடுக்கிறவர்கள் பாட்டம் பேசுவதற்கு முன்னால், அந்த இடம் எந்தத் தோட்டுக்கு, எந்த ஆலைக்குப் பக்கம் என்று விசாரிக்க வேண்டும். மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்த பிறகே கீரை போட வேண்டும்.

தரிசு நிலமும் எல்லை தாண்டிய காய்கறியும்

குத்தகைக்குக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்ற அச்சம் உடைமையாளர்களை விட்டுப் போகவில்லை. வளைகுடா நாடுகளில் வேலை செய்பவர்களின் நிலங்கள் ஆண்டுக்கணக்கில் புல் மண்டிக் கிடந்தன. காய்கறி தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரியில் வந்தது. 2015-இல் தமிழகக் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாகப் பெரிய சர்ச்சை எழுந்தபோது நமக்கெல்லாம் தர்மசங்கடம். "உங்க ஊரு வெண்டைக்காயை நம்பி எப்படிங்க சாப்பிடறது?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நாமும் அதைத்தான் சாப்பிடுகிறோம் என்று பதில் சொன்னோம். ஆனால் அந்தக் கேள்வி பல வீட்டு மாடிகளில் மண் பைகளை ஏற்றி வைத்தது.

இதற்கிடையில் பூட்டைத் திறக்காமலே உள்ளே போகும் வழியைப் பெண்கள் கண்டுபிடித்திருந்தார்கள். 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் அயல்கூட்டங்கள், நாலு முதல் பத்துப் பேர் கொண்ட குழுக்களாகச் சேர்ந்து, தரிசு நிலங்களை எடுத்துச் சங்கக்கிருஷி செய்தன. கூட்டுப்பொறுப்புக் குழு என்ற பெயரில் வங்கிக் கடனும் கிடைத்தது. ஐரோப்பிய உதவியோடு 1993-இல் தொடங்கிய தோட்டக்கலைத் திட்டமும், அதிலிருந்து 2001-இல் உருவான காய்கறி பழ ஊக்குவிப்புக் கவுன்சிலும் பாட்டத்துக்கு எடுத்துப் பயிர் செய்வோரையும் விவசாயிகளாக ஏற்றுக்கொண்டன. 2020-இல் கொரோனா முடக்கத்தின்போது 'சுபிக்ஷ கேரளம்' திட்டம் தரிசு நிலங்களை உழச் சொன்னது. 2021 தேர்தலில் களமசேரியில் வென்று தொழில்துறை அமைச்சரான பி. ராஜீவின் முயற்சியில், கூட்டுறவு வங்கிகளைச் சேர்த்துக்கொண்டு 'கிருஷிக்கொப்பம் களமசேரி' என்ற திட்டம் இந்தத் தொகுதியிலேயே நடந்தது.

அதாவது, சட்டப் புத்தகத்தில் குத்தகை இல்லை. அரசாங்கத் திட்டத்தில் குத்தகை உண்டு. உள்ளாட்சியோ குடும்பஸ்ரீயோ கூட்டுறவு வங்கியோ நடுவில் நின்றால் உடைமையாளருக்குத் தைரியம் வருகிறது. நடுவில் யாரும் இல்லாத தனி ஆட்களுக்குத்தான் வாய்ப்பேச்சு ஒன்றே துணை.

எங்கள் 24 சென்ட்

எங்கள் நிலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியாற்று நீர் ஏறி வடிந்த இடம். அதன்பின் யாரும் தொடவில்லை. உடைமையாளர் வெளிநாட்டில், பார்த்துக்கொண்டது உறவினர். பேச்சு பத்து நிமிஷத்தில் முடிந்தது. வருஷத்துக்கு ஒரு தொகை, முன்கூட்டியே. பேப்பர் கிடையாது. வீடு கட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. சரி என்றோம்.

இங்குள்ள செம்மண் புளிப்பு மண். பெருமழை சுண்ணாம்புச் சத்தை அடித்துப் போய்விடும். சென்டுக்கு இரண்டு கிலோ அளவில் சுண்ணாம்பு தூவி, இரண்டு வாரம் விட்டு, பிறகு சாணமும் மக்கிய இலையும் போட்டோம். கிருஷி பவனில் விதையும் ஆலோசனையும் கிடைத்தன. நம்ம ஊரில் ஆடிப்பட்டம் தேடி விதைப்போம். இங்கே ஆடி என்றால் கொட்டும் மழை. அப்போது வாய்க்கால் வெட்டி நீரை வடிப்பதுதான் வேலை. ஐப்பசியில் துலாவர்ஷம் ஓய்ந்துவரும்போது காய்கறிக் காலம் தொடங்கும். செஞ்சீரை, பயறு, வெண்டை, பந்தலில் பாகலும் புடலையும், சித்திரை விஷுவுக்குக் கணிவெள்ளரி. மாசியில் சேனையும் சேம்பும். ஓரமாகக் கொஞ்சம் நேந்திரன்.

எட்டுக் குடும்பத்துக்கும் வாய்ச்சொல்லாக இல்லாமல் ஒரு நோட்டு வைத்தோம். கிணற்று மோட்டாருக்கு நாள்முறை. கரண்டு பில் எட்டாகப் பங்கு. பந்தல் கம்பியும் மூங்கிலும் பொது. மூன்று வாரம் களை எடுக்காவிட்டால் அந்தத் துண்டைக் காத்திருப்பவருக்குக் கொடுத்துவிட வேண்டும். சண்டை வராமல் இல்லை. "உங்க பாவக்கொடி எம் பந்தலுக்கு வந்துட்டுது அண்ணாச்சி" என்பதிலிருந்து தண்ணீர் வரை எல்லாம் வந்தது. நோட்டைப் பிரித்தால் தீர்ந்துவிடும். பக்கத்துச் சேச்சிமார் வந்து கணிவெள்ளரிக்கு எப்போது விதை போடுவது என்று சொல்லித்தந்தார்கள். நாங்கள் அவர்களுக்குச் சுண்டைக்காய் வற்றல் போடச் சொல்லித்தந்தோம். சங்கத்தின் பொங்கல் விழாச் சமையலுக்கு இரண்டு வருஷம் காய் அங்கிருந்துதான் போயிற்று.

2024 ஜனவரியில் நிலத்தை விற்கப் போவதாகச் சொன்னார்கள். பத்து நாள் அவகாசம். பாகலும் புடலையும் காய்ப்பில் நின்றன. நேந்திரன் குலை தள்ளியிருந்தது. நிலம் அவர்களுடையது, அதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. காய் முற்ற நாற்பது நாள் கேட்டோம். கிடைக்கவில்லை. பதினொன்றாம் நாள் ஜே.சி.பி. வந்தது. எங்கள் குழுவில் மூத்த ஆச்சி ஒருவர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னார்: "அவங்க நிலத்த அவங்க எடுத்துக்கட்டும்யா. காய் நம்ம காய்தானே? பறிக்கவாவது விட்டிருக்கலாம்ல?"

இந்த ஒரு வாக்கியத்தில்தான் காராண்மை, குழிக்காணம், 1887, 1958 எல்லாம் அடங்கியிருக்கின்றன. நிலம் யாருடையது என்ற கேள்விக்குக் கேரளம் 1970-இல் துணிந்து விடை சொன்னது. நிற்கும் பயிர் யாருடையது என்ற சின்னக் கேள்வி மட்டும் எங்களைப் போன்றவர்களுக்கு விடையில்லாமல் நிற்கிறது. பாட்டமே செல்லாது என்றால், பாட்டக்காரருக்கான இழப்பீட்டுச் சட்டத்தை எப்படிக் காட்டுவது?

பிற இடங்களில்

இங்கிலாந்தில் நகரத்து ஏழைகளும் தொழிலாளர்களும் காய்கறி போட நிலத்துண்டு கொடுக்கும் வழக்கம் உண்டு. 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாக்காளர் ஆறு பேர் எழுதிக் கேட்டால் உள்ளாட்சி மன்றம் அதைப் பரிசீலித்தே ஆகவேண்டும். இதற்கென ஒதுக்கிய நிலத்தை அமைச்சர் அனுமதியின்றி விற்கக் கூடாது என்கிறது 1925-ஆம் ஆண்டுச் சட்டம். காலி செய்யச் சொல்லப் பொதுவாகப் பன்னிரண்டு மாத அவகாசம் தரவேண்டும். அதுவும் விளைச்சல் நிற்கும் கோடைப் பருவத்தில் முடியாதபடி தேதி வைத்திருக்கிறார்கள். வழக்கமான ஒரு துண்டின் அளவு பத்து ராடு, அதாவது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. நம் கணக்கில் ஆறேகால் சென்ட். லண்டனில் குடியேறிய ஈழத்தமிழர் முதல் பலநாட்டு மக்கள் வரை இத்தகைய துண்டுகளில் தங்கள் ஊர்க் காய்களை வளர்க்கிறார்கள்.

இந்தியாவிலும் யோசனைகள் இல்லாமல் இல்லை. ஆந்திரம் 2011-இல் குத்தகை விவசாயிக்கு அட்டை கொடுத்துக் கடன் பெற வழிசெய்யும் சட்டம் இயற்றியது. நீதி ஆயோக் அமைத்த குழு 2016-இல் ஒரு மாதிரி நிலக்குத்தகைச் சட்டத்தை முன்வைத்தது. உடைமை உரிமை போகாது என்ற உறுதி ஒரு பக்கம், பயிர்க்காலம் முடியும்வரை எழுப்பக் கூடாது என்ற உறுதி மறுபக்கம். இரண்டையும் சேர்த்து எழுத முடியும் என்பதை இவை காட்டுகின்றன.

நாம் செய்யக்கூடியது

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பொது இடத்தை முறைவைத்துப் பயன்படுத்தக் கொச்சித் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கோட்டைக் கொச்சி வேளியிலுள்ள சலவைத்துறையைப் பாருங்கள். டச்சுக்காரர் காலத்தில் அழைத்துவரப்பட்டதாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் சமூகத்தினர், 1976-இல் கொச்சி மேம்பாட்டு ஆணையம் கட்டிக்கொடுத்த அந்த இடத்தில், ஆளுக்கொரு தொட்டி, பொதுவான காயவைக்கும் மைதானம், தங்களுக்கென்று ஒரு சங்கம் என்று நடத்தி வந்திருக்கிறார்கள். இடம் சொந்தமில்லை; முறை சொந்தம்.

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை தனி ஆட்களாகப் போய் நிலம் கேட்க வேண்டாம். சங்கமும், நம் பெண்கள் உறுப்பினராக உள்ள குடும்பஸ்ரீ அயல்கூட்டமும், கிருஷி பவனும் சேர்ந்து நடுவில் நிற்கட்டும். வக்கீல் ஒருவரிடம் காட்டி ஒரு பக்க உடன்படிக்கை தயார் செய்யலாம். அதில் ஐந்து செய்திகள் போதும். நிலத்தின்மேல் உரிமை கோரமாட்டோம் என்று நாம் முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். காலத்தை ஜனவரி-டிசம்பர் என்று போடாமல் ஐப்பசியில் தொடங்கிச் சித்திரையில் முடியும் என்று பயிரோடு சேர்த்துப் போட வேண்டும். இடையில் நிலம் தேவைப்பட்டால் நிற்கும் பயிரை அறுக்க அவகாசம், அல்லது அதற்கு விலை. தண்ணீருக்கும் கரண்டுக்கும் தெளிவான கணக்கு. விளைச்சலில் ஒரு பங்கு உடைமையாளர் வீட்டுக்கு.

ஆயிரம் ஆண்டுக்கு முன் திருமூழிக்களத்தில் கூடியவர்கள் காராளனைத் துன்புறுத்தாதே என்று ஒரு கச்சம் எழுதினார்கள். நாம் எழுதப்போவது அதைவிட மிகச் சிறியது. இருபது, இருபத்தைந்து சென்டுக்கானது. இடம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். மண் பரிசோதனைக்குக் கொடுத்தாயிற்று. ஐந்து குடும்பங்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள்; இன்னும் மூன்று துண்டுகளுக்கு இடம் உண்டு. விருப்பமுள்ள அன்பர்கள் துலாவர்ஷம் தொடங்கும் முன் சங்கத்தில் சொல்லி வைத்தால் நல்லது. உடன்படிக்கை கையெழுத்தான பிறகே மண்வெட்டியை எடுப்போம்.